கோதுமை பியரும் என் மூக்கும்

அன்புள்ள மச்சானுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் அக்கா தினமும் போனில் உன் புராணம் முழுவதையும் கேட்டு எனக்கு ஒப்பித்துவிடுகிறாள்.

நாம் கோதுமையை ஊறவைத்து, உன் சமையலறையையே நாறடித்துக் காய்ச்சினோமே ஒரு முரட்டு பியர், அதில் கடைசி பாட்டில் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருட்டில் பக்குவமாகிக்கொண்டிருக்கிறது. வருஷத்துக்கு ஒன்று திறப்போம். நான் தேன் வாசம் என்பேன், நீ கருகின ரொட்டி என்பாய். "குடிக்கிறீங்களா, கேஸ் நடத்துறீங்களா?" என்பாள் உன் அக்கா. கடைசியாக, விருந்தாளிகள் முன்னால், ஈர அட்டைப்பெட்டி வாசம் என்றாய். இனி என் வாசப்படி மிதிக்காதே என்றேன். நீயும் ரோஷக்காரன், மிதிக்கவில்லை.

போன மாதம் வந்த காய்ச்சல் என் மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. யாருக்கும் சொல்லவில்லை. நேற்று பக்கத்து வீட்டுக்காரர் தான் காய்ச்சிய பியரைக் கொண்டுவந்து கருத்துக் கேட்டார். கிளாசை எடுத்து, மோந்து, கண்ணை மூடி, "திராட்சை வாசம்! இன்னும் ஒரு வருஷம் கிடக்கட்டும்" என்றேன்.

"அது காலையில ஆறிப்போன பிளாக் டீங்க. பியர் அந்தப் பக்கம் இருக்கு" என்றாள் உன் அக்கா. சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார் டாக்டர். அந்தக் கடைசி பாட்டில் இனி எனக்கு வெறும் கசப்புத் தண்ணீர். நீ வந்து திற. என்ன வாசம் என்று வாய்விட்டுச் சொல்.

நீ எதைச் சொன்னாலும் தப்பு என்றுதான் நான் சொல்வேன். அதற்கு மூக்கு தேவையில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்