திரும்பாதவருக்கு ஒரு தேதி

இராஜாக்கமங்கலம்,
22.8.2013

அன்பு மகள் சிந்தியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நல்ல செய்தியை முதலிலேயே எழுதிவிட்டேன். இனி எழுதப்போவது கோபம். மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

நம் கோயில் பங்கின் குடும்பப் பதிவேட்டை நான் கணினியில் ஏற்ற நீ ஒரு படிவம் வகுத்துத் தந்தாய். பெயருக்கு எழுத்து, வயதுக்கு எண், உயிரோடு இருக்கிறாரா என்பதற்கு ஆம் அல்லது இல்லை, இறப்புக்குத் தேதி என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தரவு வகை. சூசையின் பெயர் வந்ததும் நான் நின்றுவிட்டேன். என் நோட்டில், '20.8.2009 மீன்பிடிக்க வள்ளத்தில் கடலுக்குப் போனார், திரும்பவில்லை' என்றுதான் இருந்தது. உன்னைக் கேட்டேன். "இல்லைன்னு போட்டா தேதி கேக்கும்பா, கடைசியா பாத்த நாள போட்டுருங்க" என்றாய். படித்த பெண் சொல்கிறாள், எனக்கென்ன தெரியும் என்று போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலைப் பூசையில், அதே தேதியில் இறந்தவர்கள் என்று கணினி எடுத்துக் கொடுத்த பட்டியலைப் பங்குச் சாமியார் வாசித்தார். இறந்த சூசையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்றார். முன்வரிசையில் அவர் மனைவி வியாகுலம்மாள் இருந்தாள். எழுந்து நேரே என்னிடம் வந்தாள். "வாத்தியாரே, எனக்க மாப்பிளைய நீரு எப்ப அடக்கினீரு? கல்லறை எங்க? காட்டும், நான் ஒரு மெழுகுதிரியாவது கொளுத்தட்டு" என்றாள். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அன்று மாலையே கொழுந்தன் செல்வதாஸ் அவள் வீட்டுக்குப் போய், "கோயில்லயே வாசிச்சாச்சு மயினி, இனி எதுக்கு தாலி?" என்று கேட்டிருக்கிறான். நான்கு வருடமாக ஒருவரும் அவளிடம் கேட்கத் துணியாத கேள்வி. நாம் கொடுத்த தேதி அவனுக்குத் துணிச்சல் கொடுத்துவிட்டது.

போனில் நீ சொன்னதை நிதானமாக யோசித்தேன். புது வகை சேர்த்தால் இதே படிவத்தை வைத்திருக்கும் பதினொரு பங்குகளிலும் மாற்ற வேண்டும், அதனால் குறிப்புக் கட்டத்தில் எழுதிவிடுங்கள் என்றாய். பட்டியல் போடும்போது கணினி அந்தக் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை என்று நீதானே சொன்னாய்! கைப்பேசி எண் இல்லாதவனுக்குக் காலியாக விட இடம் வைத்திருக்கிறாய். செத்தானா என்று தெரியாதவனுக்கு இடமில்லையா? கடற்கரையில் பிறந்த பெண் வகுத்த படிவமா இது? பதினொரு பங்கிலும் கடல் இருக்கிறது, சிந்தியா. அங்கெல்லாம் எத்தனை பேருக்கு இப்படித் தேதி போட்டார்களோ?

ஆகவே புது வகை ஒன்று சேர். பெயர் 'திரும்பவில்லை'. அதற்குப் போன நாள் மட்டும் வேண்டும். முடிந்த நாளை அது யாரிடமும் கேட்கக் கூடாது. இறந்தவர் பட்டியலுக்குள் அது போகவே கூடாது. இலக்கணம் சரிதானா என்று நீ பார்த்துக்கொள். தேவை சரிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் எழுந்து நின்று, தேதி போட்டது நான், தவறு என்னுடையது என்று சொல்லப்போகிறேன். சாமியாரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். உன் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் சொல்லி முடித்த பிறகும் அந்தக் கணினி அவரை இறந்தவர் என்றே சொல்லிக்கொண்டிருக்க விடாதே, மகளே.

கடலுக்குப் போய் இன்னும் வந்துசேராதவர்களையும், தூரத்தில் இருக்கும் உன்னையும் மாதா காப்பாளாக.

உன் அப்பா,
ராஜமணி