ஆண்டுக்கு இரண்டு மில்லிமீட்டர்

பிப்ரவரி 6, 2024. தைப்பிங்

கணையத்து நீர்க்கட்டிக்கு ஆறாவது எம்ஆர்ஐ. சொன்னபோதெல்லாம் மூச்சை நிறுத்தினேன். வெளியே என் கணவர் ஷுக்ரி, இஸ்திரி கலையாத பாத்திக் சட்டையில். எனக்காக அல்ல, டத்தோ பட்டம் வாங்கிய என் மருத்துவருக்காக.

பிப்ரவரி 9

டத்தோ பஹரின் படத்தைத் திறக்கவே இல்லை. அறிக்கையின் கடைசி வரியைப் படித்தார்.

“போன வருஷத்தைவிட ரெண்டு மில்லிமீட்டர் கூட. அது அளக்கிறவங்க கை ஆட்டம். அடுத்த வருஷம் வாங்க.”

நான்கு நிமிடம். ஷுக்ரி வளைந்து நன்றி சொன்ன அழகு! காரில், “டத்தோகிட்ட போய்க் கேள்வி கேப்பாங்களா, லைலா?” என்றார். அரண்மனை பட்டம் கொடுத்தால் கண்ணும் கூர்மையாகிவிடும் போல.

பிப்ரவரி 13

எங்கள் நில அளவை அலுவலகத்துக்கு ஒரு ரப்பர் தோட்டத்தின் வரைபடம் திரும்பி வந்தது. ஒவ்வொரு எல்லைக்கல்லையும் அதற்கு முந்தைய கல்லிலிருந்தே அளந்திருக்கிறார்கள். சின்னப் பிழைகள் சேர்ந்து பக்கத்து வீட்டுக் கிணறே உள்ளே வந்துவிட்டது. “முதல் கல்லுலேர்ந்து அளங்க”— இருபது வருடமாகச் சொல்வதையே சொன்னேன். சொன்னதும் என் ஸ்கேன் அறிக்கைகள் நினைவுக்கு வந்தன.

வீட்டில் ஆறு அறிக்கைகளையும் மேசையில் பரப்பினேன். கட்டியின் அளவு, மில்லிமீட்டரில்: 11, 13, 15, 17, 19, 21. ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதோடு மட்டும் ஒப்பிட்டது. கை ஆட்டமாம். அஞ்சு தடவையும் ஒரே பக்கமாவா ஆடும்? டத்தோவை விடு— உனக்கு என்ன கேடு, லைலா? படிச்சவதானே நீ?

பிப்ரவரி 14

ஷுக்ரி தன் அக்காவிடம் போனில்: “நிலம் அளக்கிறவ இப்ப டாக்டருக்கே அளக்கச் சொல்லித் தர்றா.” சிரிப்பு வேறு. பினாங்கில் வேறு மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன்.

மார்ச் 5

டாக்டர் இயோவுக்குப் பட்டம் எதுவும் இல்லை. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார், பிறகு இடையில் உள்ளவற்றையும்.

“கட்டியோட உள்சுவர்ல ஒரு புடைப்பு. போன வருஷமும் இருக்கு, சின்னதா. யாரும் பாக்கலையா?”

“பாத்தாங்க டாக்டர். அறிக்கையை.”

தொண்டை வழியாகக் குழாய் விட்டு ஸ்கேன் செய்து, ஊசியால் நீர் எடுக்க வேண்டுமாம்.

மார்ச் 19

நீரில் கெடத் தொடங்கிய செல்கள். கணையத்தின் வால் பகுதியை வெட்ட வேண்டும். பயமா இருக்கு.

மே 4

வெட்டி எடுத்ததில் புற்று இல்லை. விளிம்பில் நின்றிருக்கிறது. “அடுத்த வருஷம்னு விட்டிருந்தா…” என்று தொடங்கிய டாக்டர் இயோ, நிறுத்திக்கொண்டார்.

மாலை ஷுக்ரியின் அக்கா பார்க்க வந்தாள். “நாங்க முதல் ரிப்போர்ட்லேர்ந்து வரிசையா வச்சுப் பாத்தோம்ல, அப்பவே எனக்குப் பொறி தட்டிருச்சு” என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார் ஷுக்ரி.

நாங்களாம்.

கிண்ணத்தை நீட்டினேன். பேச்சை நிறுத்தாமலே இன்னொரு கரண்டி கஞ்சி ஊற்றினார். குடித்தேன்.