அப்பா சீட்டைக் கொஞ்சம் இறக்கு

அன்பு மகள் மகாவுக்கு, ஸ்ரீராம்புரத்திலிருந்து அம்மா எழுதுவது. நான் சுகம், மூட்டுவலியும் சுகமாக என்கூடத்தான் இருக்கிறது. ஹைதராபாத் கேம்பில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க அண்ணம்மா தேவியை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே கட் பண்ணிவிடுவாய், அதனால்தான் கடிதம். இதை உனக்குச் சங்கமித்ராதான் படித்துக் காட்ட வேண்டும். அம்மா சங்கமித்ரா, ஒரு வரியையும் முழுங்காமல் சத்தமாகப் படி.

ரெட்டை சீட் சைக்கிளில் முன்னால் பார்த்து ஓட்ட அவளுக்குக் கண் இருக்கிறது, கண் தெரியாவிட்டாலும் பின்னால் மிதிக்க உனக்குக் கால் இருக்கிறது, வாய் மட்டும் உனக்கே ரெண்டு. போன வாரம் எவ்வளவு குறை சொன்னாய், அப்பா மாதிரி நேராக ஓட்டத் தெரியவில்லை, ஆட்டி ஆட்டி ஓட்டுகிறாள், ஞாயிற்றுக்கிழமை ரேஸில் மானம் போகப்போகிறது என்று. நேற்று அவள் எனக்குப் போன் செய்து அழுதாள். ஆன்ட்டி, முன் சீட்டு ரொம்ப உயரம், எனக்குக் கால் எட்டவே மாட்டேங்குது, இடுப்பு விட்டுப்போகுது, கோச் கேட்டப்போகூட சரியா இருக்குதுன்னு சொல்லிட்டேன், மகாகிட்ட சொல்ல பயமா இருக்குது என்றாள். முதல் நாளே நீ, அது எங்கப்பா வச்ச உயரம், யாரும் கை வைக்கக் கூடாது என்றாயாமே. ஏண்டி, உங்கப்பா பனைமரம். கல்யாண போட்டோவில் அவர் பக்கத்தில் நிற்க என்னை முக்காலி மேல் ஏற்றினார்கள். அந்த உயரத்தில் இந்தக் குட்டிப் பெண்ணை உட்கார வைத்தால் ஆடாமல் என்ன செய்வாள்?

எனக்குப் புரியாமல் இல்லை மகா. அவர் போனபிறகு அவர் ஸ்வெட்டரை நானும் யாரையும் தொடவிடவில்லை. இந்தக் குளிரில் எடுத்துப் போட்டேன், என் கை உள்ளேயே தொலைந்துபோனது, கண்ணாடியில் பார்த்து அழுதேன், அப்புறம் சிரித்தேன். பக்கத்து வீட்டு சுனிதா பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவர் பீடி நாற்றம் மட்டும் போகவில்லை. இருந்தபோது அதற்குத்தான் திட்டினேன், இப்போது துவைக்க மனசு வரவில்லை.

சீட்டை நீயே உன் கையால் இறக்கு, எந்த நட்டு என்று உனக்குத் தெரியாதா. அவளைப் பேஜார் பண்ணாதே. ஜெயித்தால் சந்தோஷம், தோற்றாலும் அந்தப் பெண் இடுப்போடு ஊர் வந்து சேரட்டும். தலைக்கு எண்ணெய் வை. ரெண்டு பேரும் நல்லா இருங்கள், அப்பா பேரையும் சேர்த்து ஆசீர்வாதம் செய்கிறேன். இறக்கி முடித்ததும் எனக்குப் போன் வர வேண்டும். நீ பண்ணாதே, சங்கமித்ரா பண்ணட்டும், உன்னை நான் நம்ப மாட்டேன்.

உன் அம்மா,
லட்சுமம்மா