சாக்கில் வரிசை நின்ற நாடுகள்

மச்சான்,

போன வாரம் ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை வாசலில் நான் பண்ணின கூத்தைக் கேள். டிராக்டர்களுக்கு கியர் வெட்டுகிற கம்பெனி. மகள் மூன்று வருஷமாக அங்கேதான் வேலை பார்க்கிறாள். வேலை செய்கிறவர்களின் வீட்டாட்களை உள்ளே விட்டுக் காட்டுகிற நாள் என்று கூப்பிட்டிருந்தாள். பெரிய கதவு திறந்ததும் கியர் ஆயில் வாசனை முகத்தில் வந்து அடித்தது. கால் தானாகச் செருப்பை உதறிவிட்டது. வெறுங்காலோடு நாலடி நடந்துவிட்டேன். வாட்ச்மேன் ஓடிவந்து மறித்தார்.

"ஐயா, இது கோயில் இல்லீங்க. பூட்ஸ் போடாம உள்ள கால் வைக்கக் கூடாது."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க ஊர்ல கியர் பெட்டி தொறந்து கெடந்தா செருப்போட கிட்ட போக மாட்டாங்கண்ணே" என்று அவரிடம் நியாயம் சொன்னாள். கடைசியில் என் ஏழாம் நம்பர் காலுக்குப் பத்தாம் நம்பர் பூட்ஸ் கிடைத்தது. தொழிற்சாலை முழுவதையும் வாத்து மாதிரி நடந்து பார்த்தேன்.

அந்தச் சட்டம் நீ போட்டது. செருப்பு மண் கியர் பல்லுக்குள் போனால் பெட்டியே போச்சு என்று, நம் ஊர் பூம்பாறைக் குளிரிலும் என்னை வெறுங்காலோடு சில்லிட்ட சிமெண்ட் தரையில் நிற்க வைத்தவன் நீ.

நான் ஓசூர் போனது சும்மா சுற்றிப் பார்க்க இல்லை. அவளை இரண்டு வருஷத்துக்கு பிரேசிலுக்கு அனுப்பப் போகிறார்களாம். அங்கே அவர்களுக்கு இன்னொரு தொழிற்சாலை இருக்கிறது. வீட்டுக்காரி உடனே சரி சொல்லிவிட்டாள். என் பதில்தான் பாக்கி. இடத்தைப் பார்த்து, நாலு குறை கண்டுபிடித்து, வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் பஸ் ஏறினேன். பெருமாள்மலையிலிருந்து வத்தலக்குண்டு வரை வளைவுக்கு ஒரு குறையாக யோசித்து வைத்தேன். மலைப்பாதையில் வளைவுக்கா பஞ்சம்?

உள்ளே போனதும் எல்லாம் மறந்து போயிற்று.

நம் வண்டியை முதன்முதலாகப் பிரித்த நாள் ஞாபகம் இருக்கிறதா? தாண்டிக்குடி எஸ்டேட்காரர் கழித்துவிட்ட அந்தச் சின்ன டிராக்டரை நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மறுநாள் பூண்டு ஊன்ற நிலம் உழ வேண்டும். நீ இஞ்சினையும் கியர் பெட்டியையும் பிரித்துச் சாக்கு விரித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றின வரிசையில் அடுக்கினாய். அப்புறம் எழுந்து நின்று பேர் கூப்பிட ஆரம்பித்தாய். தேயிலைத் தோட்டத்தில் காலையில் இப்படித்தான் ஆளைக் கூப்பிட்டுக் கணக்கெடுப்பார்கள், அதற்குப் பெரட்டு என்று பேர் என்றாய். சிலோனில் உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளையாக நீ நின்ற பெரட்டு.

"கோயம்புத்தூர்?" என்றாய். வார்ப்புப் பெட்டி. "வந்தாச்சு" என்றேன் நான். பம்பில் பொறித்திருந்ததைப் படித்து "ஜெர்மனி?" "வந்தாச்சு." ஆயில் சீல் வளையத்தைப் பார்த்து "இத்தாலி?" "வந்தாச்சு." "ஜப்பான்?"

ஜப்பானைக் காணவில்லை. கட்டைவிரல் நுழையாத ஒரு சின்ன பேரிங். நான் நாலு காலில் தவழ்ந்து தரை முழுக்கத் தடவினேன். நீ என் சட்டைப் பையைப் பார்த்தாய்.

"மச்சான், ஒன் வெத்தலப் பொட்டலத்துக்கு அடியில என்ன மினுங்குது?"

கீழே வைத்தால் தொலைந்துவிடும் என்று நான்தான் பத்திரப்படுத்தியிருந்தேன். ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் மூளை அப்படித்தான் வேலை செய்யும். நீ திட்டவில்லை. அதை வாங்கி மண்ணெண்ணெயில் அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய்.

"இத்துணூண்டு. கடலத் தாண்டி, மலையேறி, நம்ம பூண்டுக் காட்டுக்கு வந்து சேந்திருக்கு பாரு. இதுகளச் செஞ்சவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்தே இருக்க மாட்டாங்க. நாம ரெண்டு பேருந்தான் எல்லார் கைவேலையையும் ஒரே சாக்குல பாக்குறோம்."

உழவு ஒரு நாள் தள்ளிப்போனது. நாம் கவலைப்படவே இல்லை.

ஓசூரில் நான் பார்த்தது அந்தச் சாக்கைத்தான், மச்சான். நம் ஊர் பஸ் ஸ்டாண்டைப் போலப் பத்து மடங்கு அகலத்தில் விரித்த சாக்கு. ஒரு பக்கம் கொரியா, இத்தாலி, ஜெர்மனி என்று எழுதிய மரப்பெட்டிகள் வந்து இறங்குகின்றன. இன்னொரு பக்கம் துருக்கி, பிரேசில், அமெரிக்கா என்று எழுதிய பெட்டிகள் ஏறுகின்றன. நடுவில் இரும்பு உருண்டை உருண்டையாக வந்து பல் முளைத்துப் போகிறது. மகள் ஒரு கியரைத் தூக்கி என் கையில் வைத்தாள். சூடு ஆறியும் ஆறாமலும் இருந்தது.

"ஒவ்வொரு பல்லையும் நான் அளந்து பாத்துத்தான்ப்பா அனுப்பணும். முடியில பத்துல ஒரு பங்கு கூடினாலும் தள்ளிருவேன். இது பிரேசில் போயி, அங்க பெட்டியில பூட்டி, அப்புறம் வண்டியில ஏறி ஆப்பிரிக்காவுல உழும்."

"அப்ப அது எந்த ஊரு வண்டித்தா?"

"அதத்தான் இங்க ஒருத்தராலயும் சொல்ல முடியாது" என்று சிரித்தாள்.

நான் அந்தக் கியரை வைத்துக்கொண்டு நின்றேன். ஆப்பிரிக்காவில் முகம் தெரியாத ஒருவன் நிலத்தில் நாளைக்கு மண் புரளப் போகிறது. அது என் மகள் சரி என்று சொன்ன பல்லால் புரளப் போகிறது. வாய் பிளந்து நின்றேன். வாட்ச்மேன் பார்த்திருந்தால் மறுபடியும் கோயில் என்றுதான் நினைத்திருப்பார். அவர் நினைப்பதில் தப்பும் இல்லை.

அவள் ஓசூருக்கு வேலைக்குப் போகிறேன் என்றபோதே நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன் அல்லவா? அன்றைக்கு உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு நீ சொன்னாய். "என்னயச் சிலோன விட்டுக் கப்பல்ல ஏத்துனப்ப போறியான்னு யாரும் ஒரு வார்த்த கேக்கல மச்சான். ஆறு வயசு. தலைமன்னாருல ஏத்துனாங்க, ராமேஸ்வரத்துல எறக்குனாங்க. இவளக் கேக்குறாங்க. அவளா யோசிச்சுப் போறேங்கிறா. இதுக்கு நீ ஏன் அழுற?" நான் அழவில்லை, பூண்டு தூசி என்றேன். நீ என் பொய்யைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டாய்.

மத்தியானச் சாப்பாட்டில் அவள் மெதுவாகக் கேட்டாள். "மாமா இருந்தா என்னப்பா சொல்லிருப்பாரு?"

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் உன் வாக்குதான் சபையில் ஏறுகிறது பார். "கப்பல்ல வேணாம், பிளேன்ல போகச் சொல்லிருப்பான்" என்றேன். அவளுக்கு ஒரு விநாடி புரியவில்லை. புரிந்ததும் சாம்பார் கையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைச் சட்டை. வீட்டில் அதற்குத் தனி விசாரணை நடந்தது.

பஸ் ஏற்றிவிட வந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நெசமாவே சரியாப்பா? மனசுல ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க" என்றாள்.

"ஒண்ணுமில்லத்தா. வேலையப் பாத்துப் போ" என்றேன். வண்டி நகர்ந்தது.

ஒன்று இருந்தது மச்சான். உனக்குப் பிறகு நம் வண்டியின் மூடியை நான் திறக்கவே இல்லை. திறக்கத் தெரியாமல் இல்லை. உள்ளே கிடப்பதை என்னோடு சேர்ந்து பார்த்து ஆச்சரியப்பட நீயும் அவளும்தான் இருந்தீர்கள், இப்போது அவள் மட்டும்தான் மிச்சம். அதை அவளிடம் சொல்லவில்லை.