பனியில் சாய்ந்த கேமரா

இன்று காலை நம் வீடியோ கடைக்குக் கீழே ஐஸ் லாரி வந்து நின்றது. ஈரச் சாக்கும் ஐஸ்கட்டியும் கலந்த அந்த வாசனை மாடிப்படி ஏறி வந்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது. எடிட் செய்துகொண்டிருந்த கல்யாண டேப்பை நிறுத்திவிட்டேன்.

நியூசிலாந்துக்குப் புறப்படும் முன் நீ அடித்த கூத்தை நம் ஊர் மஸ்ஜித் தானாவில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். குளிரில் கேமரா பேட்டரி தாங்குமா என்று பார்ப்பதற்காக ஐஸ் ஃபேக்டரி முதலாளியான தவுக்கேயிடம் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே போய் நின்றாய். மீன் வாங்க வந்தவர்களெல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள். பல் கிடுகிடுக்க வெளியே வந்து, "பேட்டரி ஓகே லா, ஆளுதான் வீக்கு" என்றாய்.

உன் அக்கா கல்யாணமாகி நியூசிலாந்தில் குடியிருந்தார். அத்தான் மூலமாக ஒரு இயக்குநர் பழக்கமானார். பெரிய மலைகளிலிருந்து பனிச்சறுக்குப் பலகையில் இறங்குகிறவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறவர். போட்டித் தடமோ கொடியோ இல்லாத மலை. உச்சிக்கு ஏறி, இரண்டு கால்களையும் ஒரே பலகையில் மாட்டிக்கொண்டு, யார் கால்தடமும் படாத பனியில் நேராகக் கீழே வருவார்களாம். இரண்டாவது கேமராவுக்கு ஆள் வேண்டும் என்று அவர் கேட்க, நீ சரி என்றுவிட்டாய். நமக்கு எடுக்கத் தெரிந்ததெல்லாம் கல்யாணமும் காதுகுத்தும்.

"உனக்கும் பனிக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"தாலி கட்டற மாதிரிதான்டா. ஒரு தடவதான் எறங்குவாங்க. இன்னொருக்கா எறங்குன்னு சொல்ல முடியாது லா."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. தாலி கட்டுவதை நீ எடுத்த லட்சணம் எனக்குத் தெரியாதா? நம் ரப்பர் தோட்டத்துக் கல்யாணங்களில் கேமராக்காரனும் வீட்டு ஆள்தான். பந்தியில் ஆள் குறைந்தால் சாம்பார் வாளி அவன் கைக்கு வந்துவிடும். மற்றவர்கள் எப்படியாவது நழுவிவிடுவார்கள். உனக்கு மட்டும் அது வராது. பக்கத்து ஊரான லூபோக் சீனாவில் ஒரு கல்யாணத்தன்று அடுப்படியில் சாம்பார் அண்டா சரிந்தது. "யாராச்சும் வாங்களேன்!" என்று சமையல்கார அக்கா கத்தியதும், கேமராவை நாற்காலியில் போட்டுவிட்டு ஓடினாய். அக்காவின் கால் வேகாமல் தப்பித்தது. டேப்பில் கெட்டி மேளம் முழங்குகிறது, மண்டபத்து மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கிறது. "ஃபேன் நல்லாத்தான் சுத்துது, தாலி எங்க லா?" என்று பெண்ணின் அப்பா நம் கடையில் வந்து குதித்தார். அவரைச் சமாதானப்படுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மலையில் உனக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்றுதான். என்ன நடந்தாலும் கேமராவை விட்டு நகரக் கூடாது, காப்பாற்றுவதற்குத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். நீ மலையடியில் நின்றாய். இயக்குநர் எதிர் முகட்டில் பெரிய கேமராவோடு இருந்தார். கேத்தி என்ற அந்தப் பெண் இறங்க ஆரம்பித்ததும் எதிர்ப் பக்கத்தை மேகம் மூடிவிட்டது. உன் கேமரா ஒன்றுதான் பார்த்துக்கொண்டிருந்தது. பாதி வழியில் அவளுக்கு மேலே பனி விரிசல் விட்டு, மொத்தமாகச் சரிந்து, அவளை மூடி மலையடி வரை இழுத்துக்கொண்டு வந்தது. நீ ஓடினாய்.

ஓடிய வேகத்தில் கேமரா நின்ற முக்காலியை இடித்துத் தள்ளியிருக்கிறாய். காப்பாற்றும் ஆட்கள் மேலிருந்து இறங்கி வருவதற்குள், வெளியே தெரிந்த பலகையின் முனையைப் பார்த்து, வெறும் கையால் தோண்டி அவள் முகத்தைத் திறந்துவிட்டாய். அவள் பிழைத்தாள். உன் வேலை போனது. சொன்ன இடத்தில் நிற்காத ஆளை வைத்துப் படம் எடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்தவன் தே தாரேக் டீயை ஆறவிட்டுக்கொண்டு, "நான் செஞ்சது தப்பாடா?" என்று கேட்டாய். "தப்புன்னே வெச்சுக்க. நாளைக்கு புக்கிட் ரம்பாய்ல கல்யாணம், சட்டைய தேச்சு வை" என்றேன். அன்றைக்கு உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

பல மாதங்கள் கழித்து, முடிந்த படம் டேப்பில் வந்தது. கேத்திதான் பிடிவாதம் பிடித்து அந்தக் காட்சியைச் சேர்க்க வைத்தாளாம். பனியில் சாய்ந்து கிடந்த கேமரா எல்லாவற்றையும் எடுத்திருந்தது. மலை படுத்துக் கிடக்கிறது. குறுக்கே நீ விழுந்தடித்து ஓடுகிறாய். கொஞ்சம் தள்ளி மண்டியிட்டுத் தோண்டுகிறாய். உன் முதுகு மட்டும் தெரிகிறது. சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. தமிழே தெரியாத அந்தப் பெண்ணிடம், "இந்தா வந்துட்டேம்மா, ஒன்னும் இல்லம்மா, இந்தா வந்துட்டேன்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாய். நீ பார்த்து முடித்துவிட்டு, "ஃபிரேம் கோணலா இருக்கு" என்றாய். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அந்த மலையில் உனக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. போன வருஷம் ஒரு கொசு உன்னைக் கொண்டுபோய்விட்டது. டிங்கிக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் நடந்து வீட்டுக்கு வரவில்லை. இன்னும் எனக்கு ஆறவில்லையடா.

ஊரில் பாதிப் பேரின் கல்யாணத்தை நீ எடுத்திருக்கிறாய். எந்த டேப்பிலும் நீ இல்லை. போட்டோக்களில் விறைத்துக்கொண்டு நிற்கிறாய். நடமாடும் நீ என்று எங்களுக்கு இருப்பது அந்தப் பனிக் காட்சி ஒன்றுதான். பாலர் பள்ளி விட்டதும் உன் மகள் கடைக்கு வந்து அதைப் போடச் சொல்கிறாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்க்கிறாள்.

நேற்று கேட்டாள்: "ஏன் மாமா, அப்பா திரும்பியே பாக்க மாட்டேங்கறாங்க?"

"அப்பா கையில வேல இருக்கும்மா" என்றேன்.

எனக்கும் ஆசைதான். ஒரே ஒரு தடவை நீ இந்தப் பக்கம் திரும்ப மாட்டாயா என்று நானும் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். ஆனால் நீ திரும்பியிருந்தால் வீணாகியிருக்கும் அந்த நொடி, பனிக்கடியில் மூச்சுக்குத் தவித்த பெண்ணுடையது. அதை அவளிடமிருந்து வாங்கி உன் முகத்தை நாங்கள் பார்க்க வேண்டாம். முதுகே போதும்டா. அதை வைத்துக்கொண்டு நான் சமாளித்துக்கொள்கிறேன்.