மழையில் தபால்

அக்டோபர் 2

கையெழுத்து கோணல் மாணலாக இருக்கிறது. வரி மேலே ஏறுகிறது, பிறகு சறுக்கி விழுகிறது. இதைப் படிக்கப்போகிறவன் நான் ஒருவன்தான், அவன் பொறுத்துக்கொள்ளட்டும். கிடங்கில் மூட்டை தூக்கிக் காய்த்த விரல்கள் இவை. பேனா மீன்குஞ்சு மாதிரி நழுவுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். நான், இந்தக் கிழவன், எழுதுகிறேன்.

மருமகள் கற்றுக்கொடுத்தது. இரவுச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்ததும் நோட்டை விரிப்பாள். "'ழ'வுக்கு தொப்பை போட்டுடுச்சு மாமா, கொஞ்சம் இளைக்க வைங்க" என்பாள்.

ஐந்தாம் தேதி மலைநடை. மகன், மருமகள், பேத்தி, நான். மலையைத் தாண்டி ஏரிக்கரை வரைக்கும். கல்யாணமான புதிதில் அவர்கள் இரண்டு பேரும் நடந்த பாதை. மறுபடி நடந்தால் சரியாகிவிடும் என்று மகன் நம்புகிறான். நானும்தான்.

அக்டோபர் 3

வெயில் காலத்திலிருந்து அவர்கள் நேருக்கு நேர் பேசுவதில்லை. எல்லாம் என் வழியாக. இன்று மூட்டை கட்டும்போதும் அப்படித்தான். அவள் படுக்கையறையில், அவன் கூடத்தில். நடுவில் கதவு திறந்தே இருக்கிறது.

"அப்பா, டார்ச் எடுத்தாச்சான்னு கேளுங்க."

"எடுத்தாச்சுன்னு சொல்லுங்க மாமா."

சொன்னேன். இரண்டு பேர் காதிலும் முதலிலேயே விழுந்ததுதான். பேத்தி எனக்கு 'தபால் தாத்தா' என்று பெயர் வைத்திருக்கிறாள். "சம்பளம் குடுக்காத தபாலாபீஸ்" என்று சிரிக்கிறாள். அவளுக்கு வயது பத்து. எல்லாம் புரிகிறது அவளுக்கு.

அக்டோபர் 5

மழையிலேயே கிளம்பினோம். பாதை நெடுக மரப்பலகைகள். 'வழுக்கும்.' 'இடது பக்கம் செல்க.' ஒன்றுவிடாமல் சத்தமாகப் படித்தேன். போன வருஷம் இவை எனக்கு வெறும் பலகை. இன்று என்னோடு பேசுகின்றன. மருமகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று.

அவன் முன்னால், அவள் பின்னால். நடுவில் தபால்காரன்.

அக்டோபர் 6

மழை. குடிலில் தங்கினோம். காகிதம் நமத்துவிட்டது, எழுத்து ஊறுகிறது.

அக்டோபர் 8

நேற்று எழுத முடியவில்லை. இப்போது மலைக்கு அந்தப் பக்கம், மரம் வெட்டுகிறவரின் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று கணவாயில் புயல் பிடித்துக்கொண்டது. காற்று ஆளைத் தள்ளுகிறது. முன்னாலிருந்து மகன் கத்துகிறான், "அப்பா, குழந்தைய இறுக்கிப் பிடிச்சுக்கச் சொல்லுங்க." நான் திரும்பிக் கத்துகிறேன். என் குரல் என் வாயைத் தாண்டவில்லை. அவள் பின்னாலிருந்து என்னவோ சொல்கிறாள், அதுவும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்கச் சுமை தூக்கினவன் நான். நேற்று ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு நாலடி போக முடியவில்லை.

குடில் கிடையாது அங்கே. டெண்ட்தான் போட வேண்டும். ஒரு பெரிய பாறை மறைவில் பைகளைக் கொட்டினார்கள். துணி இருந்தது. தரையில் அடிக்கிற முளை இருந்தது. துணியைத் தூக்கி நிறுத்துகிற கம்பிகள் இல்லை. அடுப்பு மட்டும் இரண்டு — ஆளுக்கொன்று எடுத்து வைத்திருக்கிறார்கள். கம்பியை மட்டும் யாரும் யாரையும் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கச் சொல்லவில்லை.

டெண்ட் துணியை அப்படியே தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு நாலு பேரும் ஒட்டி உட்கார்ந்தோம். பேத்தி என் மடியில். துணி முகத்தில் அறைகிறது. இங்கேயே முடிந்துவிடுவோமோ என்று நினைத்தேன். இந்தக் குழந்தையை எதற்குக் கூட்டிவந்தோம்?

அப்போது மகன் என் தலைக்கு மேலாக அவளைப் பார்த்துச் சொன்னான், "கம்பி உன் பையில இருக்கும்னு நினைச்சேன்."

"உங்க பையிலன்னு நான் நினைச்சேன்."

நேராகப் பேசிக்கொள்கிறார்கள். கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி இருந்தேன். கடவுளே, விட்டுடாதீங்க, பேசுங்க, பேசிக்கிட்டே இருங்க — மனசுக்குள் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேசினார்கள்.

"வீட்டுக்குப் போனதும் நான் அம்மா வீட்டுக்குப் போயிடறேன்."

"தெரியும்."

"திட்ட மாட்டீங்களா?"

"திட்டினா இருப்பியா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு."

பிறகு அவன், "கால் நனையுது பாரு, இப்படி நகர்ந்துக்கோ" என்றான். நகர்ந்துகொண்டாள்.

அக்டோபர் 10

ஏரி வந்தது. பனிமூட்டத்தில் கரை கூடத் தெரியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் முன்னால் சேர்ந்தே நடந்தார்கள், மெதுவாகப் பேசிக்கொண்டு. பள்ளிக்கூடம் மாற்றுவது பற்றி. லீவுக்குக் குழந்தை யாரிடம் இருப்பது என்பது பற்றி. வேறு யாராவது பார்த்திருந்தால் நல்ல ஜோடி என்று சொல்லியிருப்பார்கள்.

"தாத்தா, உங்க வேலை போச்சு" என்றாள் பேத்தி. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவேயில்லை.

பேசினால் போதும் என்று நினைத்தேனே. என்ன கிழட்டு முட்டாள்.

கரையில் ஒரு பலகை இருந்தது. நான் படிக்கவில்லை.

அக்டோபர் 19

மருமகளும் பேத்தியும் இன்று காலை போய்விட்டார்கள். அதற்கு முன் அவளும் அவனும் மாடியில் காய்ந்த டெண்ட் துணியை ஆளுக்கு இரண்டு முனை பிடித்து மடித்தார்கள். கிட்டே வந்து, முனையை அவன் கையில் கொடுத்து, மறுபடி விலகி. ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்தார்கள்.

வாசலில் என்னிடம் சொன்னாள், "வாரம் ஒரு கடிதம் எழுதணும் மாமா. தப்பைத் திருத்தி அனுப்பறேன்."

"தப்பே இல்லாம எழுதிட்டா?"

"அப்போ ரெண்டு தப்பாவது வேணும்னே போடுங்க" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். பேத்தி வண்டிக்குள்ளிருந்து கையை ஆட்டினாள், எட்டிப் பார்க்கவில்லை.

மகன் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். விளக்கு போடவில்லை. "சாப்பிடறியாடா?" என்றேன். "நீங்க சாப்பிடுங்கப்பா." எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஆள் இல்லை, ஆனாலும் பேச்சு நகரவில்லை.

வீடு பெருக்கும்போது கம்பிகள் கிடைத்தன. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், உறையோடு, சாய்ந்து நின்றுகொண்டிருந்தன. அவர்கள் நடுவில் திறந்தே கிடந்த அந்தக் கதவுதான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எழுத உட்காருவேன். கம்பி கிடைத்ததை எழுதுவதா வேண்டாமா, அதை மட்டும் அதற்குள் முடிவு செய்ய வேண்டும்.