அம்மா ஊரில் இல்லாத நான்கு நாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், லாயத்தில் இருக்கிற பதினொரு பேரும் சுகம், அதில் நம்முடையவர்கள் நாலு பேர், மற்ற ஏழு பேரும் வெளியிலிருந்து பிரசவத்துக்கு வந்திருக்கிற விருந்தாளிக் குதிரைகள். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சண்டை போட்டாலும் பொழுது சாய்வதற்குள் தீர்த்துக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் பொலிகுதிரை பெரியவருக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது, முகமெல்லாம் நரை, ஆனால் பெண்குதிரை ஏற்றிய வண்டி வாசலில் நின்றால் இன்னும் கழுத்தை வளைத்துக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரிதான் நிற்கிறார். பின்பக்கக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்ததல்லவா, அதை நானே மாற்றினேன். யாரும் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வயசில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். எனக்கு உன் அம்மா மேல் பொறாமை. சும்மா வேடிக்கைக்குச் சொல்லவில்லை, வயிற்றில் அமிலம் ஊற்றின மாதிரி நிஜமான பொறாமை. நாலு வருஷத்துக்கு முன்னால் பெரியவர் என்னைக் கேட்டோடு சேர்த்து நெருக்கி என் இடுப்பு எலும்பு போனதே, அதுவரைக்கும் இந்தப் பண்ணை என்றால் நான்தான், குதிரைக்காரர் என்றால் நான்தான். நான் கட்டிலில் கிடந்த ஏழு மாதம் அம்மா லாயத்துக்குள் போனாள், போனவள் திரும்பி வரவே இல்லை என்று வைத்துக்கொள். இப்போது குதிரைக்குச் சொந்தக்காரர்கள் வண்டியிலிருந்து இறங்கியதும் எனக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அம்மா இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள். வரவுப் படிவத்தில் குறிப்பு எழுதுகிற இடத்தில் ஒருவர் 'அம்மா மட்டும் கவனித்துக்கொள்ளவும்' என்று எழுதி அதற்கு அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தார். மனிதர்களை விடு, குதிரைகளும் அப்படித்தான். அவள் தீவன வாளியோடு நடந்தால் வரிசையாகப் பதினொரு தலை வெளியே நீளும். நான் அதே வாளி, அதே தீவனம், அதே நேரத்தில் போய்ப் பார்த்தேன், ஒரு காதுகூடத் திரும்பவில்லை. அவள் என்ன மந்திரம் போடுகிறாள் என்று கதவோரம் நின்று கேட்டேன், மந்திரமும் இல்லை மண்ணும் இல்லை, வீட்டுக் கதைதான் பேசுகிறாள். என் குறட்டை அன்னியன் வீட்டுக் குதிரைக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.

போன மாதம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் தன் குதிரையை இங்கே கொண்டுவந்து விட்டார். தலைப்பிரசவம், செம்பழுப்பு நிறம், பார்த்தால் சுற்றிப் போடலாம் போல அழகு, ஆனால் யாராவது சத்தமாகத் தும்மினால்கூட ஒரு நாள் முழுக்க முறைத்துக்கொண்டு நிற்பாள். அதனால் ரோஷக்காரி என்று பேர் வைத்தோம். தொட்டால் கூச்சம், அதிலும் மடியைத் தொட்டால் கால் பறக்கும். குட்டி பிறந்தால் பால் குடிக்க விடமாட்டாளே என்று அம்மா மூன்று வாரம் தினமும் வெந்நீரில் நனைத்த துணியால் மடியைத் துடைத்துத் துடைத்துப் பழக்கினாள். அந்தக் குதிரையும் அவளுக்கு மட்டும் பசு மாதிரி நிற்கும். நான் கதவைத் திறந்தால் பின்னங்கால் என் பக்கம் திரும்பும். அந்த நேரம் பார்த்து உன் பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று தகவல் வந்தது. அம்மா நாலு நாள் கூட இருக்கக் கிளம்பினாள். குட்டிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. போகும்போது, "மடிக்காம்புல மெழுகு மாதிரி கட்டுச்சுன்னா உடனே சொல்லுங்க, அஞ்சு மணி நேர பஸ்தான், ஓடி வந்துடறேன்" என்று மூன்று தடவை சொன்னாள். உனக்கே தெரியும், அப்படி மெழுகு கட்டினால் ஒன்றிரண்டு நாளில் பிரசவம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் டார்ச் அடித்துப் பார்த்தேன், இரண்டு காம்பிலும் மெழுகு. சரியாக அப்போது அம்மா போன் செய்து, "கட்டியிருக்கா?" என்று கேட்டாள். நான் இல்லை என்று சொன்னேன். மகளே, வாய் தவறியோ மறந்தோ சொன்னதில்லை. அந்தக் கண்ணாடிக்கடைக்காரர் வந்து என் கையைப் பிடித்து நீங்கதான் பார்த்தீங்களா என்று ஒரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இருபத்தாறு வருஷத்தில் எத்தனை பிரசவம் பார்த்திருப்பேன், இது ஒன்று முடியாதா என்று நினைத்தேன்.

பிரசவம் முடிந்தது, அதில் குறையில்லை. குதிரைகள் இருட்டில்தான் குட்டி போடும் என்பார்கள், இவள் அதிலும் ரோஷம் பிடித்து மறுநாள் காலை ஒன்பதரைக்கு நல்ல வெளிச்சத்தில் போட்டாள். பெண் குட்டி, நெற்றியில் விரல் நுனி அளவு வெள்ளை. ஒரு மணி நேரத்துக்குள் தள்ளாடித் தள்ளாடி எழுந்து நின்று தாயின் வயிற்றுக்கடியில் மூக்கை நீட்டியது. அவ்வளவுதான், ரோஷக்காரி ஒரு கீச்சல் போட்டு உதைத்தாள். குட்டி சுவரில் போய் விழுந்தது. திரும்ப எழுந்தது, திரும்ப உதைத்தாள். நான் உள்ளே போனால் காதை மடக்கிக்கொண்டு பல்லைக் காட்டினாள், இந்த இடுப்பை வைத்துக்கொண்டு நான் எங்கே தாவி ஓடுவது. டாக்டருக்குப் போன் செய்தேன், அவர் வேறொரு பண்ணையில் வயிற்றுவலிக் குதிரையோடு போராடிக்கொண்டிருந்தார், வர மூன்று மணி நேரமாவது ஆகும் என்றார். முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போகாவிட்டால் குட்டி தேறுவது கஷ்டம், அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பதினொன்றே முக்காலுக்குக் குட்டி எழுந்திருக்கிற முயற்சியையே விட்டுவிட்டது. வைக்கோலில் தலையை வைத்துப் படுத்து என்னையே பார்த்தது.

அப்போதுதான் அம்மாவுக்குப் போன் செய்தேன். குட்டி பிறந்ததைச் சொன்னேன், பால் விடவில்லை என்று சொன்னேன், நேற்றே மெழுகு கட்டியிருந்தது, தெரிந்தே பொய் சொன்னேன் என்றும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. நிதானமாக, "என் பழுப்புக் கோட்டு தீவன அறைக் கதவுக்குப் பின்னாடி தொங்குது. அதைப் போட்டுக்கோங்க. வெந்நீர்த் துணி எடுத்துக்கோங்க. இடது பக்கமா போங்க. வாயை மூடிக்கிட்டுப் போகாதீங்க, ஏதாவது பேசிக்கிட்டே போங்க" என்றாள்.

நான் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். தோளில் இறுகிக்கொண்டது, பொத்தான் எட்டவில்லை, பாக்கெட்டில் அவளுடைய கைக்குட்டையும் இரண்டு காரட் துண்டும் இருந்தன. ரோஷக்காரி மூக்கை விரித்து மோந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி கோட்டை மோந்தாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை, எனக்கு அவளைப் போலப் பேசத் தெரியாதே. அதனால் நடந்ததையே சொல்ல ஆரம்பித்தேன். நான் பொய் சொன்னதை, குழாயை மாற்றியதை, உன்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வண்டியை எங்கே நிறுத்தினேன் என்று தெரியாமல் அரை மணி நேரம் சுற்றியதை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிக்கொண்டே மடியில் துணியை வைத்தேன். தோல் சிலிர்த்தது, கால் மட்டும் தூக்கவில்லை. ஒரு கிண்ணம் சீம்பால் கறந்து குட்டிக்குப் புட்டியில் ஊட்டினேன், உடம்பில் தெம்பு வந்ததும் அணைத்துத் தூக்கி அதன் வாயை மடியில் வைத்தேன். குட்டி சப்புகிற சத்தம் கேட்டது. மகளே, நான் அழுதேன், சந்தோஷமா அவமானமா என்று எனக்கே புரியவில்லை. அன்னியன் வீட்டுக் குதிரைக்கும் உன் அம்மாவாக இருந்தால்தான் என்னைப் பிடிக்கிறது.

அம்மா சாயங்காலம் வந்து இறங்கியபோது நான் அதே கோட்டோடு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் நடுவில் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவள் குட்டியைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். நான் கிடுகிடுவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், உன் மேல் எனக்குப் பொறாமை என்று கட்டிய பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இருபத்திரண்டு வருஷமா சமையலறை ஜன்னல்ல நின்னு பார்த்தேன். நீங்க நடுவுல நிப்பீங்க, சுத்தி எல்லாரும் நிப்பாங்க. நான் டீ கொண்டுவந்து வச்சா கப்பை எடுப்பாங்க, என் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டாங்க. எனக்கு எவ்வளவு எரிஞ்சிருக்கும்? ஒரு தடவை கோவத்துல உங்க டீல மட்டும் சர்க்கரையை நிறுத்திட்டேன். நாலு மாசம். நீங்க கண்டுபிடிக்கவே இல்ல." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நீங்க இடுப்பு உடைஞ்சு விழுந்தப்ப அழுதேன், அது நிஜம். ஆனா அந்த அழுகையோட ஓரத்துல ஒரு சந்தோஷமும் இருந்துச்சு, இனி நான் உள்ள போகலாம்னு. அதை இன்னைக்குத்தான் வாய் விட்டுச் சொல்றேன்." எனக்குக் கோபம் வரும் என்று பயந்தாள் போலிருக்கிறது, கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இவள் இப்படி வெந்துகொண்டிருந்தது தெரியாமல் டீ குடித்திருக்கிறேனே என்றுதான் இருந்தது.

மறுநாள் கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். நேராக அம்மாவிடம் போய்க் கை கூப்பினார். "நான் ஊர்லயே இல்ல, இவர்தான் தனியா பார்த்தாரு" என்று அவள் என்னைக் காட்டினாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நிஜமாவா?" என்றார். நான் ஆசைப்பட்ட நிமிஷம் அதுதான், கையில் வந்து விழுந்தது, பேசாமல் வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் குட்டி அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மெழுகு கட்டியதை மறைத்தேன், உங்கள் குட்டி என்னால்தான் சாகப் பார்த்தது என்று சொல்லிவிட்டேன். அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, "அடுத்த வருஷமும் இங்கதான் அனுப்புவேன். ஆனா அம்மா ஊர்ல இருக்காங்களான்னு கேட்டுட்டுத்தான் அனுப்புவேன்" என்றார். அம்மா பொத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, அதை மறைப்பானேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். இப்போது அது எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். இப்போதெல்லாம் காலையில் சேர்ந்தேதான் லாயத்துக்குப் போகிறோம், அவள் பேசுகிறாள், நான் வாளி தூக்குகிறேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாப்பிள்ளை உனக்காக ஏதாவது செய்தால் அப்போதே சொல்லிவிடு, உனக்கு மனசுக்குள் ஏதாவது எரிந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடு, இருபத்திரண்டு வருஷம் காத்திருக்காதே. ஒரு குறையும் இல்லாமல் நீங்கள் இருவரும் நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். மறக்காமல் பதில் எழுது. அம்மாவுக்குத் தனியாக, எனக்குத் தனியாக எழுது. எனக்கு எழுதுவது நாலு வரியாவது கூடுதலாக இருக்கட்டும். நான் எண்ணிப் பார்ப்பேன், அவளும் எண்ணுவாள்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா